மோட்டார் எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியத் தவறினால்

குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங்கிற்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திற்குள் பிரம்மபுத்திரா சமவெளியிலிருந்து 1,500 மீட்டர் உயரத்திற்கு ஏறிவிடுகிறது. மழைக்காலத்தில் அச்சாலையில், நில அளவைக் கருவிப் பெட்டிகளையும் நான்கு ஊழியர்களையும் சுமந்துகொண்டு ஒரு பழைய அம்பாஸடர் கார் ஏறுவதாகக் கொள்ளலாம். சமவெளியில் குறையின்றி ஓடிய வண்டி, ஏற்றம் தொடங்கியதும் உதறுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த உதறல் மிகுகிறதேயன்றி வேகம் மிகவில்லை. சீராக வரவேண்டிய சைலன்ஸர் ஒலி, அடி ஒன்று விட்டுப்போன தாளம் போல் இடறுகிறது. சமதளம் வந்ததும் உதறல் மறைகிறது. அடுத்த ஏற்றத்தில் மீண்டும் தோன்றுகிறது. நான்கு சிலிண்டர்களுள் ஏதோ ஒன்று எரியத் தவறுகிறது என்பது இதன் பொருள். பட்டறைகளில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர்.

இத்தகைய வேளையில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஓட்டுநர் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தி, தூறலிலேயே கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்கிறார். எஞ்சின் அதற்குள் சற்று ஆறி உலர்ந்துவிடுவதால் வண்டி சிறிது தூரம் நன்றாக ஓடுகிறது. பிறகு மீண்டும் உதறல். அடுத்த ஊரில் நான்கு பிளக்குகளும் மாற்றப்படுகின்றன. அதற்கடுத்த நாள் காயில். ஒவ்வொரு முறையும் குறை தீர்ந்துவிட்டது போலவே தோன்றி ஏமாற்றுகிறது. முடிவில் தற்செயலாகக் குறை தீர்ந்தாலும், தீர்த்தது எதுவென்று எவருக்கும் தெரிவதில்லை. பணமும் முகாம் நாட்களும் வீணாவதுடன், அடுத்த முறை இதே குறை தோன்றும்போது முன்னைய அனுபவம் சிறிதும் உதவாது. மருத்துவ வசதியற்ற இடத்தில் முகாமிட்டுள்ள குழுவிற்கு அவ்வண்டியே நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும் ஆகும் என்பதை நினைத்தால், இந்தத் தடுமாற்றம் வெறும் செலவுக் கணக்கோடு நின்றுவிடுவதன்று.

அம்பாஸடர் கார் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இருப்பினும் எஞ்சின் பாடத்திற்கு அதுவே ஏற்ற வண்டி. எரிபொருளும் மின்பொறியும் செல்லும் வழிகள் அதில் கண்ணுக்கும் கைக்கும் எட்டுமாறு வெளிப்படையாக அமைந்துள்ளன. பல ஆண்டுகள் அதில் பொருத்தப்பட்டிருந்த 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினை இங்கே எடுத்துக்கொண்டால், அதிற் கற்றதைப் புதிய வண்டிகளுக்கும் பொருத்திப் பார்ப்பது எளிது.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுகளை எஞ்சினின் இரண்டு சுற்றுகளில் முடிக்கிறது. நிமிடத்திற்கு 800 சுற்று வீதம் ஓசையின்றி நின்றோடும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் நிமிடத்திற்கு 400 முறை எரிகிறது. 3,000 சுற்று வேகத்தில் நான்கு சிலிண்டர்களுக்குமாகச் சேர்த்து வினாடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும்.

இவற்றுள் ஒரு முறை எரிவதற்கு மூன்று பொருந்தி வரவேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க விகிதத்தில் கலந்து உள்ளே வரவேண்டும். வந்த கலவை கசியாமல் அமுக்கப்படவேண்டும். அமுக்கம் உச்சத்தை அணுகும் நேரத்தில் வலுவான தீப்பொறி தோன்றவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிலிண்டர் எரியாது. ஆகவே ‘மிஸ்ஸிங்கிற்குக் காரணம் பிளக்கு’ என்றோ ‘கார்புரேட்டர்’ என்றோ முன்கூட்டியே முடிவு செய்வதற்கு இடமில்லை. காய்ச்சலுக்கு ஒரே மருந்து என்று கூறுவது போன்றதே அது.

எரியாத சிலிண்டர் சும்மா இருப்பதுமில்லை. மற்ற மூன்றைப் போலவே அதுவும் கலவையை உறிஞ்சி, எரிக்காமல் வெளியே தள்ளுகிறது. நான்கில் ஒரு பங்கு பெட்ரோல் இவ்வாறு வீணாகும். எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விட்டுவைத்த வண்டியில் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேய்வதற்கு இது ஒரு காரணம்.

எந்தச் சிலிண்டர் என்பதே முதற் கேள்வி

குறையின் காரணத்தைத் தேடுவதற்கு முன் குறையின் இடத்தை அறியவேண்டும். இவ்வரிசையை மாற்றுவதே பெரும்பாலான வீண்செலவுகளுக்கு மூலம்.

இடத்தை அறிவதில் ஒரு பகுத்தறிவு வாய்ப்பாடு உதவும். எஞ்சினின் சில உறுப்புகள் நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவானவை: காயில், கண்டென்ஸர், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டுகள், சுழலும் ரோட்டர், கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு ஆகியன. இவற்றிற் குறை நேர்ந்தால் நான்கும் பாதிக்கப்படும். உதறல் எந்த ஒழுங்குமின்றித் தோன்றும். வேறு சில உறுப்புகள் ஒரு சிலிண்டருக்கே உரியவை: அதன் பிளக்கு, பிளக்குக் கம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அதற்குரிய முனை, அதன் வால்வுகள், பிஸ்டன் வளையங்கள் ஆகியன. ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறுமானால் உதறல் ஒரே தாளத்தில் வரும். அப்போது காயிலையும் கார்புரேட்டரையும் தொடவே தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தவறினால் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள பொது எல்லையை ஐயுறவேண்டும். இந்த எஞ்சினில் 1, 2 ஆகியவை ஒரே உட்செல் வழியையும், 3, 4 ஆகியவை மற்றொன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன; அவ்வழி பொருந்தும் இடத்தில் காற்று கசிந்தால் இணையாக இரண்டும் தளரும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்துபோனாலும் விளைவு இணையாகவே தோன்றும்.

நின்றோடும்போதே குறை தெரியுமானால் சோதனை எளிது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் முறையே துண்டித்துப் பார்க்கவேண்டும். நன்கு எரியும் சிலிண்டரைத் துண்டித்தால் எஞ்சினின் வேகம் உடனே தளரும். எரியாத சிலிண்டரைத் துண்டித்தால் எவ்வித மாறுதலும் ஏற்படாது; குற்றவாளி அதுவே. துண்டிக்கும்போது கம்பியை வெறுமனே உருவி அந்தரத்தில் விடலாகாது. வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் உச்சத்திற்கு ஏறிக் காயிலின் அல்லது ரோட்டரின் காப்பைத் துளைத்துவிடக்கூடும். மரப்பிடியோ ரப்பர்ப் பிடியோ கொண்ட நீண்ட திருப்புளியின் தண்டை முதலில் எஞ்சின் உலோகத்தில் ஊன்றி, பிறகு அதன் மறுபகுதியைப் பிளக்கின் தலைமுனையில் சாய்த்துத் தொடச் செய்தால் மின்சாரம் எஞ்சின் உடலுக்கே போய்விடும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த கார்புரேட்டருக்கு அருகில் பொறி பறக்க விடுவதும், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்தானவை. இதயத்துடிப்புக் கருவி பொருத்தப்பெற்றவர்கள் இச்சோதனையை அறவே தவிர்க்கவேண்டும்.

மலையேறும் வண்டியில் இச்சோதனை பயன்படாது. நின்றோடும்போது அதன் நான்கு சிலிண்டர்களும் ஒழுங்காகவே எரிகின்றன. சுமையில் மட்டும் தோன்றும் குறையைச் சுமையிலேயே பிடிக்கவேண்டும். ஏற்றத்தில் உதறிக்கொண்டிருக்கும் போதே கிளச்சை அழுத்திச் சாவியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சின் சற்று ஆறியபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். கடைசி நிமிடத்தில் உள்ளே நடந்ததைப் பிளக்கின் முகமே காட்டிவிடும். மூன்று பிளக்குகள் வெளிர் பழுப்பு நிறத்தில் உலர்ந்து, ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த ஒன்றின் சிலிண்டருக்குக் கலவை வந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை என்பது தெளிவு. இதனால் மூன்று தேவைகளுள் முதலாவது பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

பிளக்கின் நிறத்தைக் கொண்டு வேறு சிலவும் அறியலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்த கலவை. பிசுபிசுத்த எண்ணெய்க் கறுப்பு இருந்தால் வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கும். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகைவெப்பம். மலையில் ஒரு திருத்தம் வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்திலிருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அமைத்த கார்புரேட்டர் அங்கே சற்று மிகையான பெட்ரோலையே தரும். நான்கு பிளக்குகளிலும் மெல்லிய கரி படிந்திருந்தால் அதனை உயரத்தின் விளைவாகக் கொள்ளவேண்டும். ஒன்று மட்டும் மாறுபட்டிருப்பதே குறையின் அடையாளம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

நமது வண்டியில் 2-ஆம் சிலிண்டரின் பிளக்கு நனைந்திருந்தது எனக் கொள்ளலாம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது. இப்போது புதிய பிளக்கு வாங்கவேண்டியதில்லை. 2-இன் பிளக்கைத் துடைத்து 4-இலும், 4-இன் பிளக்கை 2-இலும் மாற்றிப் பொருத்தி அடுத்த ஏற்றத்திற்கு ஓட்டிப் பார்க்கவேண்டும். குறை 4-ஆம் சிலிண்டருக்கு இடம் பெயர்ந்தால் பிளக்கே காரணம். 2-இலேயே நின்றுவிட்டால் பிளக்கு குற்றமற்றது. ஆய்வுக்கூடத்தில் மற்ற நிலைகளை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு ஒப்பீட்டுச் சோதனையின் பயனை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஒரே சமயத்தில் பிளக்கையும் கம்பியையும் சேர்த்து மாற்றியவர், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று கூறமுடியாது.

குறை 2-இலேயே நின்றது. அடுத்ததாக 2-இன் கம்பி. பிளக்குக் கம்பிகள் நீளத்தில் வேறுபடுவதால் எல்லாவற்றையும் இடம் மாற்ற இயலாது. கைவசமுள்ள ஓர் உதிரிக் கம்பியை இரு முனைகளிலும் அழுத்திப் பொருத்தி ஓட்டிப் பார்த்தால் போதும். அப்போதும் குறை மாறவில்லை. எஞ்சியிருப்பவை இரண்டு: ஒன்று, 2-ஆம் சிலிண்டரின் அமுக்கம், மற்றொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 2-க்குரிய முனை. அமுக்கம் குறைந்த சிலிண்டர் நின்றோடும்போதே பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். இவ்வண்டியோ நின்றோடும்போது குறையற்றது. எனவே மூடியையே முதலில் கழற்றவேண்டும்.

பழுப்பு அல்லது கறுப்பு நிறமுள்ள அந்த மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், 2-இன் முனையிலிருந்து மூடியின் விளிம்பு வரை பென்சிலால் இழுத்தது போன்ற மயிரிழைக் கோடு ஒன்று தென்படும். தூசியும் ஈரமும் சேர்ந்த பரப்பில் மின்சாரம் ஊர்ந்து சென்று மூடியின் பொருளையே கரியாக்கி வரைந்த பாதை அது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஒரு முறை ஏற்பட்ட பாதை ஈரம் உலர்ந்தபின்னும் அழிவதில்லை. இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை வேகமாக ஓடவிட்டால் மூடியின் வெளிப்புறத்திலும் கம்பிகளிலும் உள்ள இத்தகைய கசிவுகள் நீலநிற நெளிவுகளாகக் கண்ணுக்கே தெரிவதுண்டு. பகலில் எத்தனை நேரம் தேடினாலும் தெரியாதது இரவில் ஒரு நொடியில் புலப்படும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன்?

கரிக்கோடு எப்போதும் அங்கேயே இருக்க, குறை மட்டும் ஏற்றத்தில் தோன்றுவதன் காரணம் பௌதிகத்தில் உள்ளது.

காயில் என்பது இரண்டு சுருள்கள் கொண்ட தூண்டு கருவி. 12 வோல்ட் பாட்டரியின் மின்சாரம் முதற்சுருளில் ஓடிக்கொண்டிருக்கையில் பாயிண்டுகள் சடக்கெனத் திறக்கின்றன. மின்சாரம் நின்று, காந்தப்புலம் சரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தூண்டல் விதியின்படி, ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. எவ்வளவு உயரும் என்பதில்தான் பலரும் தவறான கருத்துக் கொண்டுள்ளனர். காயில் ஒவ்வொரு முறையும் 20,000 வோல்ட்டையே தருவதில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே வந்து, பிளக்கின் இடைவெளியைத் தாவப் போதிய அளவை எட்டிய கணத்தில் பொறி பறந்துவிடுகிறது. ஏற்றம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே தேவை எவ்வளவோ அவ்வளவே எழும்.

அத்தேவை எதைப் பொறுத்தது? ஜெர்மானிய பௌதிக அறிஞர் ஃபிரெடரிக் பாஷன் 1889-இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகிறது. வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணே பொறி தாவுவதற்கு வேண்டிய மின்னழுத்தத்தை நிர்ணயிக்கிறது. திறந்த காற்றில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 3,000 வோல்ட் அளவே போதும். நின்றோடும் எஞ்சினில் கார்புரேட்டரின் தடுக்கு ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் குறைந்த கலவையே நுழைகிறது. அமுக்கத்தின் முடிவிலும் அழுத்தம் மிதமாகவே இருக்கும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் கலவை வந்து, அமுக்கத்தின் முடிவில் அழுத்தம் பலமடங்காகிறது. தேவையான மின்னழுத்தமும் 10,000 வோல்ட்டைக் கடக்கிறது.

இப்போது 2-ஆம் முனையை அடையும் மின்சாரத்திற்கு இரண்டு வழிகள் உள்ளன: பிளக்கின் இடைவெளி ஒன்று, மூடியின் கரிக்கோடு மற்றொன்று. நின்றோடும்போது பிளக்கின் வழி எளிது; பொறி அங்கே பறக்கிறது. ஏற்றத்தில் பிளக்கின் வழி கடினமாகிறது. கரிக்கோட்டின் வழியோ மாறவில்லை. மின்சாரம் கோட்டின் வழியே விளிம்பிற்கும், அங்கிருந்து எஞ்சின் உடலுக்கும் போய்விடுகிறது. சிலிண்டருக்குள் கலவை எரியாமல் கிடக்கிறது. பெருமழையின் ஈரம் இரண்டாம் வழியை இன்னும் எளிதாக்குகிறது. சமதளத்தில் குறை மறைந்ததும், எஞ்சின் உலர்ந்தவுடன் சிறிது தூரம் நன்றாக ஓடியதும் இதனால்தான். கழற்றிய பிளக்கை எஞ்சின் மீது வைத்துப் பொறியைப் பார்த்துத் திருப்தியடையும் வழக்கம் ஏன் நம்பத்தகாதது என்பதும் இதனால் விளங்கும். திறந்த காற்றிற் பொறி தரும் பிளக்கு அமுக்கத்திலும் தரும் என்பதற்கு அது சான்றாகாது. பழைய பட்டறைகளில் அழுத்தமூட்டிய அறைக்குள் பிளக்கை வைத்துச் சோதிக்கும் கருவி இருந்ததன் நோக்கம் இதுவே.

கரிக்கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி நீக்கி, உலர்த்தி, அவ்விடத்தில் நகப்பூச்சையோ வார்னிஷையோ தடவிக் காயவிட்டால் முகாம் வரை சமாளிக்கலாம். ஊர் சேர்ந்ததும் மூடியை மாற்றிவிடவேண்டும். ஆனால் அத்துடன் நிறுத்தினால் புதிய மூடியும் சில மாதங்களில் இதே கதியை அடையும். கோடு 2-ஆம் முனையில் மட்டும் ஏன் தோன்றியது என்றும் கேட்கவேண்டும். 4-இல் வைத்த பழைய பிளக்கை எடுத்து இழை அளவியால் அளந்தால், 0.6 மில்லிமீட்டராக இருக்கவேண்டிய இடைவெளி தேய்ந்து 1 மில்லிமீட்டரை எட்டியிருப்பது தெரியவரலாம். அகன்ற இடைவெளி மிகுந்த மின்னழுத்தத்தைக் கோரியது. அந்த மிகை அழுத்தமே மூடியின் பரப்பில் பாதை வெட்டியது. இடமாற்றச் சோதனையில் இந்தப் பிளக்கு குற்றமற்றதெனத் தேறியது ஏன்? 4-இன் முனையில் கசிவு இல்லாததால் காயிலின் முழு வலிமையும் அதற்குக் கிடைத்தது. அகன்ற இடைவெளியையும் தாவிவிட்டது. இடமாற்றச் சோதனை ‘இப்போது தடுப்பது எது’ என்பதைக் காட்டுமேயன்றி ‘முதலிற் கெடுத்தது எது’ என்பதைக் காட்டாது. கம்பியின் நுனி மூடியின் குழிக்குள் முழுதும் அமராமல் இருந்தாலும் இதே கேடு விளையும்.

அமுக்கம் குறைந்த சிலிண்டர்

குறை நேர்மாறாகவும் தோன்றுவதுண்டு. நின்றோடும்போது உதறும், வேகம் கூடியதும் ஏறக்குறைய மறையும். பொறியில் குறையில்லை, பிளக்கை இடம் மாற்றினாலும் பயனில்லை. இங்கே அமுக்கத்தை ஐயுறவேண்டும். மெதுவாக ஓடுகையில் கசிவதற்கு நேரம் மிகுதி. வேகமாக ஓடுகையில் கசியுமுன் வீச்சு முடிந்துவிடுகிறது.

அமுக்கமானியால் அளப்பதே நேரான வழி. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் சுழற்றவேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கல் வரை சுழற்றினால் முள் நிலைபெறும். எண்ணின் பெருமையைவிட நான்கின் ஒப்புமையே முக்கியம். ஒன்று மற்றவற்றைவிடப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளக்கவேண்டும். எண்ணெய் வளையங்களின் சந்தை அடைப்பதால் முள் உயர்ந்தால் தேய்ந்தது வளையமோ சிலிண்டர்ச் சுவரோ ஆகும். உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டும் தாழ்ந்திருந்தால் முதலில் கேஸ்கட்டையே பார்க்கவேண்டும்.

வெளியேற்று வால்வு எரிவதற்கு எளிய காரணம் ஒன்று அடிக்கடி கவனிக்கப்படாமற் போகிறது. செந்தணலாகும் அவ்வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கொடுத்து ஆறுகிறது. டாப்பெட் இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதும் அமர்வதில்லை. ஆறமுடியாமலும், கசியும் தீச்சுவாலையாலும் அதன் விளிம்பு எரிந்து பள்ளமாகிறது. சத்தமிடும் டாப்பெட்டை எல்லோரும் உடனே சரிசெய்துவிடுகின்றனர். அஞ்சவேண்டியது சத்தமில்லாத டாப்பெட்டுக்கே. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் முற்றிலும் நிறுத்தப்பட்ட பிறகு, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில் இந்த எச்சரிக்கை மேலும் பொருந்துகிறது. ஈயத்தின் படிவு வால்வு இருக்கைகளைத் தேய்வினின்றும் காத்து வந்தது. அது இல்லாதபோது இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. டாப்பெட் இடைவெளி தானாகவே சுருங்குகிறது. கடினமான இருக்கை வளையம் பொருத்தப்பெறாத பழைய எஞ்சினில் இடைவெளியை அடிக்கடி அளந்து பார்ப்பதே பாதுகாப்பு.

கலவைக் குறையைப் பற்றி இங்கே மிகுதியாகக் கூறவேண்டியதில்லை; பொதுவாக அது எல்லாச் சிலிண்டர்களையும் பாதிப்பது. உட்செல் குழாய் பொருந்தும் இடத்தில் காற்று கசிகிறதா என்பதைக் குளிர்ந்த எஞ்சினில் சிறிது சோப்பு நீரைத் தடவி அறியலாம். கசிவுள்ள இடத்தில் நீர் உள்ளே உறிஞ்சப்பட்டு ஓட்டத்தில் மாறுதல் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மழைக்காலத்தில் பல நாள் நிறுத்திவைத்த வண்டி எல்லாச் சிலிண்டர்களிலும் தடுமாறினால் தொட்டியடிப் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்ப்பது நன்று.

புதிய வண்டிகளில்

இந்நாளைய பெட்ரோல் கார்களில் பாயிண்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலைமீதும் தனித்தனிக் காயில் அமர்ந்துள்ளது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இஞ்செக்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் கணிப்பொறியே கண்டுபிடிக்கிறது. அது கையாளும் முறையும் ஓட்டுநரின் செவி கையாளும் முறையே. எஞ்சின் தண்டுடன் சுழலும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அளக்கப்படுகிறது. ஒரு சிலிண்டர் எரிந்தால் தண்டு சிறிது முடுகும்; எரியாவிடில் அந்தக் கால் பங்கு நேரத்தில் தண்டு தளரும். தளர்ச்சி எப்போது வந்தது என்பதைக் கொண்டு சிலிண்டரின் எண் தெரிகிறது. சோதனைக் கருவியை இணைத்தால் 2-ஆம் சிலிண்டருக்கு ‘பி 0302’ என்றும், குறிப்பிட்ட ஒன்றன்றிப் பலவும் தவறினால் ‘பி 0300’ என்றும் குறியீடு தோன்றும்.

குறியீடு இடத்தைக் கூறுகிறது, காரணத்தைக் கூறுவதில்லை. ‘பி 0302’ என்று கண்டவுடன் காயிலை விலை கொடுத்து வாங்குவது பழைய ஓட்டுநர் கார்புரேட்டரைக் கழற்றியதற்கு ஒப்பாகும். 2-இன் காயிலை 3-இல் வைத்துப் பார்க்கவேண்டும். குறியீடு ‘பி 0303’ என்று மாறினால் மட்டுமே காயில் குற்றவாளி. மாறாவிடில் பிளக்கு, அதன்பின் இஞ்செக்டர், அதன்பின் அமுக்கம் என்று அதே வழியில் செல்லவேண்டும். திருப்புளியால் பிளக்கைத் துண்டிக்கும் பழைய சோதனையை இவ்வண்டிகளில் செய்யவே கூடாது. மின்னழுத்தம் மிகுதி என்பதோடு, எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சென்றடையும். துண்டிக்கவேண்டியது இஞ்செக்டரின் மின்னிணைப்பையே. அப்போது பெட்ரோலே வராது.

வினையூக்கி மாற்றி 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களில் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு அது இன்றியமையாத உறுப்பு. எரியாத கலவை அதனுள் நுழைந்து அங்கே எரியுமானால் தேன்கூடு போன்ற அதன் பீங்கான் உட்பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். அது விட்டுவிட்டு மின்னினால் மாற்றி அந்நேரத்தில் சேதமுறும் நிலையில் இருக்கிறது என்பது பொருள். வேகத்தையும் சுமையையும் உடனே குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவேண்டும். சருகும் வைக்கோலும் கிடக்கும் இடத்தில் நிறுத்தலாகாது. வண்டியின் அடியிலுள்ள மாற்றி அவற்றைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

பழுது நீக்கிய வண்டியை, பழையதாயினும் புதியதாயினும், குறை தோன்றிய அதே நிலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஏற்றத்தில் உதறிய வண்டியை அதே அளவு ஏற்றத்தில், அதே சுமையுடன். நின்றோடுகையில் உதறியதை நன்கு சூடேறிய பின் நிறுத்திவைத்து. மழையில் மட்டும் உதறிய வண்டியாயின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மீதும் கம்பிகளின் மீதும் தெளிப்பானால் மெல்லிய நீர்த்தூவலை விட்டுப் பார்த்த பிறகே முகாமுக்கு அனுப்பவேண்டும்.